நீரில் இறங்கியதாகக் கணக்கு

இரவு பதினொன்றே கால்.
எடைமேடை அறைக் கணினியில்
மதியம் ஒன்றரை வைத்துக்கொள்கிறேன்.
மே மாதம். மேல்காற்று லேசாக.
மேகம் எட்டில் மூன்று பங்கு.
புதுவயலுக்கு நெல் லாரிகள்
இரண்டு மணிக்கு மேல்தான் வரும்.

கிளைடருக்கு எஞ்சின் கிடையாது.
ஏறும் ஆளின் எடையை மட்டும் கேட்கும்.
எழுபத்தெட்டு.
என் தொழிலில் பொய் எழுதக் கூடாது.

இழுத்துப் போன விமானம்
அறுநூறு மீட்டரில் கயிற்றை விடுகிறது.
டொக்.
அப்புறம் காற்றின் இரைச்சல்,
வேரியோமீட்டரின் பேச்சு:
ஏறினால் பீப் பீப்,
இறங்கினால் பல்வலிக்காரன் போல
ஒரே நீளத்துக்கு முனகல்.

செட்டிநாட்டுப் பழைய ஓடுதளத்தில் கிளம்பி,
குன்றக்குடி மலையை இடப்பக்கம் விட்டு,
பிரான்மலைச் சரிவில் காற்று முட்டி எழும் இடத்தில்
ஒட்டி ஒட்டி உயர்ந்து,
திருமயம் கோட்டைக்கு மேல் வளைந்து
புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும்.
நானே போட்ட வழி.
பதினோரு தடவை அதில் விழுந்திருக்கிறேன்,
இரண்டு தடவை ரயில் பாதையில்.

"பெட்ரோல் இல்லாம எவ்வளவு நேரம்ணே ஓடும்?"
பாய்லர் சேவுகன் தேநீரை வைத்துவிட்டு நிற்கிறான்.
கரண்ட் இருக்கிற வரைக்கும், என்றேன்.

இன்று பிரான்மலை நன்றாகவே கொடுத்தது.
திருமயம் தாண்டியதும் முனகல் தொடங்கியது.
காற்று என்னைக் கிழக்கே தள்ளித் தள்ளி
முந்நூறு மீட்டரில்
புதுவயலுக்கு மேலேயே கொண்டுவந்து நிறுத்தியது.
"நம்ம களத்துக்கு மேல சுத்துங்கண்ணே,
அவிச்ச நெல்லைக் கொட்டிப் பரப்புனா
பத்தரைக்கெல்லாம் பருந்து அங்கதான் நிக்கும்."

செயற்கைக்கோள் எப்போதோ எடுத்த படத்தில்
எங்கள் களம் ஒரு வெளிறிய சதுரம்.
பாறை என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ,
அதற்கு மேல் சூடு வைத்திருந்தது நிரல்.
பீப்.
பீப் பீப்.
இடது இறக்கையைச் சாய்த்துப் பிடித்தேன்.

கீழே எடைமேடை.
மேடையில் ஒரு லாரி.
படம் எடுத்த நாளிலிருந்து
இறங்காமல் நிற்கிற லாரி.
பச்சைத் தார்ப்பாய். யாருடையது?
பக்கத்தில் ஒரு புள்ளி,
ஓட்டுநராக இருக்கும்.
இறங்கி நிற்க வேண்டும்,
உட்கார்ந்தே எடை போட்டால்
அவரும் நெல்லாகிவிடுவார்.
புள்ளிக்கு நிழல் விழுகிறதா என்று
ஒரு சுற்று. இன்னொரு சுற்று.
ஏழெட்டுச் சுற்று போயிருக்கும்.
நிமிர்ந்தபோது திரையில் வெயில் மஞ்சளாகிவிட்டது.
களம் கொடுப்பதை நிறுத்திவிட்டது.

எழுநூறு மீட்டர். எதிர்காற்று.
கணக்குப்படி போய்ச் சேரலாம்.
மூக்கைத் தாழ்த்தி
பனைகள், ஓட்டுக்கூரைகள், ஒரு கல்குவாரி,
எல்லாம் தண்ணீர் பட்ட படம் போலக் கலங்கிக் கிடக்க,
ஓடுதளம் நகத்தளவு தெரிந்தது.
வெளியே சீமைக்கருவேல் மண்டிய அதே ஓடுதளம்,
இங்கே ஒரு முள் இல்லை.

நூற்றிருபது மீட்டரில்
பீப். பீப்.
கும்பிடத் தோன்றியது. ஏறுகிறேன்!
சத்தத்தை நோக்கி வட்டமடித்தேன்.
உயரமானியின் முள்
கீழேதான் போய்க்கொண்டிருந்தது.
மறுபடி வட்டமடித்தேன்.
"அண்ணே, அது யு.பி.எஸ்.ணே.
கரண்ட் போய் ரெண்டு நிமிசமாச்சு."

ஆலை மொத்தமும் இருட்டு.
திரையில் மட்டும் சாயங்காலம்.
எதிரே கண்மாய், இந்தக் கரை முதல் அந்தக் கரை வரை நீலம்.
வேறு வழியில்லை.
சக்கரத்தை இறக்கி
மெதுவாக, முட்டையை வைப்பது போல
வைத்தேன்.

நீரில் இறங்கினீர்கள். பயணம் தோல்வி.

சேவுகன் சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்தியது.
"அந்தக் கண்மாய்லயா?
நேத்துத்தான் என் மச்சினன்
அதுல செஞ்சுரி போட்டான்."

வாசலில் ஹாரன்.
முதல் லாரி, தேவகோட்டை வண்டி.
ஜெனரேட்டர் இருமி எழுந்து விளக்கு வந்தது.
மேடை ஏறியதும் எண் ஓடி ஓடி
நிற்காமல் ஆடியது.
ஜன்னலைத் திறந்து
இறங்குங்க, என்றேன்.
அவர் கதவைத் திறந்து
தூக்கக் கலக்கத்தோடு குதித்தார்.
எழுபது கிலோ குறைந்து
எண் நின்றது.